பதினேழு உதையிலிருந்து இரண்டு உதைக்கு: காலடிப்பேட்டையில் ஒரு புல்லட் பட்டறை

வட சென்னையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் காலடிப்பேட்டை மெட்ரோ நிலையத்தைத் தாண்டியதும் கடல் பக்கமாகப் பிரியும் சந்துகளுள் ஒன்றில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு பட்டறை இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை, அதன் முன்னால் ஒரு தகரக் கொட்டகை, கொட்டகையின் கீழே எப்போதும் மூன்று நான்கு பழைய புல்லட்டுகள். என்னுடைய 1981ஆம் ஆண்டு புல்லட் 350 வண்டியை அங்கே பதினொரு நாள் விட்டுவைத்து, எளிதில் ஸ்டார்ட் ஆகாத கோளாறைச் சரிசெய்து வாங்கி வந்தேன். அது நடந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. வண்டியை எடுத்து வந்த மறுநாளே பட்டறையைப் பாராட்டி எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு கோடை முழுவதும் ஓட்டிப் பார்த்து, காலை நேரத்து முதல் உதையையும் உச்சி வெயிலில் பெட்ரோல் பங்கில் நிறுத்தி மீண்டும் எடுக்கும் உதையையும் பலமுறை சோதித்த பிறகே இதை எழுதுகிறேன்.

வண்டி என் மாமனாருடையது. அவர் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் 1955இல் சேர்ந்து உருவாக்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் ஆலை, அவர் தினமும் கடந்து போகும் அதே திருவொற்றியூரில் இருந்தது. தன் ஊரில் செய்த வண்டி என்ற பெருமை அவருக்குக் கடைசி வரை இருந்தது. அந்த வார்ப்பிரும்பு எஞ்சினில் 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் 90 மில்லிமீட்டர் தூரம் ஏறி இறங்குகிறது. கொள்ளளவு 346 சிசி. செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது. ஆறு வோல்ட் பேட்டரி, மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பாயிண்ட், பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் காயில் என்று எல்லாம் அந்தக் காலத்து ஏற்பாடு. கார்புரேட்டர் மட்டும் எப்போதோ மாற்றப்பட்டு, இப்போது மிக்கார்ப் இருக்கிறது.

சென்ற மழைக்காலத்துக்குப் பிறகு இந்த வண்டி காலையில் எழ மறுத்தது. தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் நின்று எண்ணிப் பார்த்தபோது ஒரு வாரத்தில் மிகக் குறைந்த கணக்கு பதினொன்று, மிக அதிகம் இருபத்து நான்கு, பெரும்பாலான நாட்களில் பதினேழு உதைக்குக் குறையவில்லை. இடையிடையே கிக்கர் திரும்பி அடித்தது. ஒரு முறை அடித்த அடியில் கணுக்கால் வீங்கி, நான்கு நாள் செருப்புப் போட முடியாமல் இருந்தேன். அடித்துப் பிடித்து ஸ்டார்ட் ஆகிவிட்டால் எண்ணூர் வரை நன்றாக ஓடும். ஆனால் சூடாக இருக்கும்போது அணைத்துவிட்டால் பத்து நிமிடம் கழித்து மறுபடி அதே போராட்டம்.

இந்தப் பட்டறைக்கு வருவதற்கு முன் வேறு இரண்டு இடங்களில் காட்டினேன். முதல் இடத்தில் பிளக்கையும் பேட்டரியையும் மாற்றிக் கொடுத்தார்கள்; இரண்டு நாள் ஒழுங்காக இருந்தது, பிறகு பழைய கதை. இரண்டாவது இடத்தில் கிக்கரைக் கையாலேயே அழுத்திப் பார்த்துவிட்டு, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் வலு) போய்விட்டது, ஹெட் இறக்கிப் போர் அடித்து, அதாவது சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து, பிஸ்டன் மாற்ற வேண்டும், பதினெட்டாயிரம் ஆகும் என்றார்கள். அந்தத் தொகையைவிட, எதையும் அளந்து பார்க்காமல் அவ்வளவு பெரிய வேலையைச் சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது. அப்போது மீன்பிடித் துறைமுகத்தில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் காலடிப்பேட்டை மேஸ்திரியைப் பற்றிச் சொன்னார்.

மேஸ்திரிக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். நான் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தியதும் அவர் சிலிண்டர் மேல் கை வைத்துச் சூட்டைப் பார்த்துவிட்டு, இன்று பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டார். "ஓடி வந்த வண்டிய வச்சிக்கினு ஸ்டார்ட்டிங் கோளாறு பாக்க முடியாது சார். விட்டுட்டுப் போங்க. ராத்திரி முழுக்க ஆறட்டும், காலைல எட்டு மணிக்கு வாங்க. நீங்க வர்ற வரைக்கும் யாரும் கிக்கரத் தொட மாட்டாங்க." குளிர்ந்த நிலையில் வரும் கோளாறைக் குளிர்ந்த நிலையில்தான் காண முடியும் என்பது கேட்டவுடன் விளங்குகிற செய்தி, ஆனாலும் முன்பு சென்ற இரண்டு இடங்களிலும் இதை யாரும் கேட்கவில்லை. நான் உடனிருந்து பார்க்க அவர் விட்டதும் முக்கியம். எந்தப் பழைய வண்டிக்காரருக்கும் அந்த ஒரு காலைப்பொழுது பெரிய பாடமாக இருக்கும்.

மறுநாள் காலை அவர் சாவியைக்கூடப் போடவில்லை. ஸ்விட்ச் அணைந்திருக்க, கிக்கரை மெல்ல அழுத்திக் கம்ப்ரஷன் வரும் இடத்துக்குக் கொண்டுவந்து, அதன் மேல் தன் முழு எடையையும் வைத்து நின்றார். நல்ல நிலையில் உள்ள புல்லட்டில் கிக்கர் ஆளைச் சில நொடிகளாவது தாங்கிப் பிடிக்கும், பிறகுதான் மெல்ல இறங்கும். என் வண்டியில் அது படிக்கட்டு இறங்குவதுபோல் உடனே இறங்கியது. இரண்டாவது பட்டறைக்காரர் சொன்னது சரிதானோ என்று எனக்குத் திக்கென்றது. மேஸ்திரி எதுவும் சொல்லாமல் பிளக்கைக் கழற்றி, ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலைத் துளை வழியாக ஊற்றி, பிளக்கை மாட்டி, மீண்டும் ஏறி நின்றார். மாற்றம் எதுவும் இல்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்து அந்த வழியாகக் காற்றுப் போயிருந்தால், ஊற்றிய ஆயில் அந்த இடைவெளியைக் கொஞ்ச நேரம் அடைத்துக் கம்ப்ரஷனை உயர்த்தியிருக்கும். உயரவில்லை என்றால் காற்று வால்வு வழியாகப் போகிறது என்று பொருள். போர் அடிக்கும் பேச்சு அத்துடன் முடிந்தது. அந்தச் சோதனைக்கு ஆன செலவு ஒரு கரண்டி ஆயில், ஆன நேரம் ஐந்து நிமிடம்.

அடுத்து அவர் கை போன இடம்தான் எனக்கு வியப்பளித்தது. இடது கைப்பிடிக்குக் கீழே இருக்கும் டீகம்ப்ரசர் லீவரை விரலால் ஆட்டிப் பார்த்தார். அது ஆடவே இல்லை. கேபிள் விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. டீகம்ப்ரசர் என்பது புகை வெளியேறும் எக்சாஸ்ட் வால்வைச் சற்றே தூக்கிப் பிடித்து, கம்ப்ரஷனை வெளியேற்றிப் பிஸ்டனை எளிதாக நகர்த்த உதவும் கருவி. லீவரை விட்டதும் அது வால்வை முழுமையாக விட்டுவிட வேண்டும். கேபிளில் சிறிதளவும் தளர்வு இல்லாவிட்டால், நாம் லீவரைத் தொடாதபோதும் அந்த வால்வு மயிரிழை திறந்தே இருக்கும். எங்கோ எப்போதோ கைப்பிடியை மாற்றிய ஒருவர் அந்தக் கேபிளை இறுக்கிவிட்டு மறந்திருக்கிறார். மேஸ்திரி அட்ஜஸ்டரை நான்கு சுற்றுத் தளர்த்தி, லீவர் முனையில் இரண்டு மில்லிமீட்டர் ஆட்டம் கொடுத்து, மறுபடி கிக்கரில் ஏறினார். இப்போது கிக்கர் பாதி தாங்கியது.

மீதிப் பாதி, வால்வுகளைத் தள்ளித் திறக்கும் டேப்பட்டில் இருந்தது. சிலிண்டரின் வலப்பக்கத்து மூடியைக் கழற்றி, பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சிக்குக் கொண்டுவந்து, வால்வுக்கு ஒன்றாக நிற்கும் இரண்டு புஷ்ராடு கம்பிகளையும் விரலால் சுழற்றிப் பார்க்கச் சொன்னார். இன்லெட் புஷ்ராட் பென்சிலைப் போல உருண்டது. எக்சாஸ்ட் புஷ்ராட் அசையவில்லை, அதனால் அந்த வால்வும் முழுவதும் மூடவில்லை. இந்த எஞ்சினில் குளிர்ந்த நிலையில் புஷ்ராட் மேலும் கீழும் ஆடாமல், ஆனால் இரு விரலுக்கிடையில் தடையின்றிச் சுழல வேண்டும், அதுவே அளவு. இறுகியிருந்ததைச் சரிசெய்த பிறகு அவர் மூன்றாவது முறையாகக் கிக்கரில் ஏறி நின்றார். இம்முறை கிக்கர் அவரைத் தாங்கிக்கொண்டு நின்றது. நான் மனத்துக்குள் ஆறு வரை எண்ணினேன். பதினெட்டாயிரம் ரூபாய் வேலை என்று சொல்லப்பட்டது, இரண்டு ஸ்பானர்களால், புதிய உதிரிபாகம் ஒன்றுகூட இல்லாமல் முடிந்தது.

வேறொருவராக இருந்தால் அத்துடன் உதைத்து ஸ்டார்ட் செய்து காட்டியிருப்பார். இவர் அப்போதும் உதைக்கவில்லை. திரும்பி அடித்த அடிக்கும் சூட்டில் எழாததற்கும் கம்ப்ரஷன் காரணமாக முடியாது, அவை வேறு இடத்தில் இருக்கின்றன என்றார். ஒரு கோளாறு கிடைத்தவுடன் தேடலை நிறுத்திவிடுவதுதான் பழைய வண்டிகளில் நடக்கும் பெரிய தவறு. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய வண்டியில் ஒரே ஒரு பெரிய பழுது இருப்பது அரிது. நான்கைந்து சிறிய குறைகள் சேர்ந்து நிற்கும், ஒவ்வொன்றும் தனியாக வண்டியை நிறுத்தும் அளவுக்கு இருக்காது. முதல் பட்டறையில் பிளக் மாற்றியதும் இரண்டு நாள் நன்றாக இருந்ததற்குக் காரணமும் அதுவே. ஐந்து குறைகளில் ஒன்று விலகியதும் மற்ற நான்கும் சற்றுத் தாங்கக்கூடியவையாகிவிட்டன.

மின்சாரப் பக்கத்தில் அவர் செய்தது அளவெடுப்பு மட்டுமே. மல்டிமீட்டரில் பேட்டரி 6.2 வோல்ட் காட்டியது. பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் சாவியைப் போட்டு, காயிலுக்கு வரும் கம்பியில் வைத்தபோது 4.7 மட்டுமே. பேட்டரிக்கும் காயிலுக்கும் நடுவே ஒன்றரை வோல்ட் வழியிலேயே தொலைந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு வோல்ட் வண்டியில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆறு வோல்ட்டில் இது கால் பங்கு. ஃப்யூஸ் மாட்டும் இடத்தைத் திறந்து காட்டினார்: பித்தளை முழுவதும் பச்சை பூத்திருந்தது. சாவி ஸ்விட்சின் உட்புறமும் அப்படியே. கடலுக்கு அரை மைல் தூரத்தில் குடியிருக்கும் எங்களுக்கு உப்புக்காற்று சுவரிலும் ஜன்னல் கம்பியிலும் செய்வது தெரியும், மூடிய ஸ்விட்சுக்குள்ளும் அதைத்தான் செய்கிறது என்பது தோன்றவில்லை. உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து, எர்த் கம்பியின் அடியிலிருந்த பெயின்ட்டைச் சுரண்டி இறுக்கிய பின் காயிலில் 5.7 வந்தது. காயிலில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, எனவே 5.7க்குப் பதிலாக 4.7 கிடைத்தபோது பொறியின் வலு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தே இருந்திருக்கிறது. பிளக்கைக் கழற்றி ஹெட்டின் மேல் வைத்து உதைத்துப் பார்த்தால் அப்போதும் பொறி தெரிந்தது, அதைப் பார்த்துத்தான் முன்பு எல்லோரும் கரண்ட் நன்றாக வருகிறது என்றார்கள். திறந்த வெளியில் தாண்டும் பொறி, அழுத்தப்பட்ட காற்றுக்குள் தாண்டுவதற்கு இன்னும் அதிக மின்னழுத்தம் வேண்டும் என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

கிக்கர் திரும்பி அடித்ததற்கான காரணம் பாயிண்ட் தட்டுக்கு அடியில் கிடைத்தது. அங்கே இரண்டு சிறிய எடைகள் இருக்கின்றன. எஞ்சின் வேகமெடுக்கும்போது அவை வெளியே விரிந்து பொறி விழும் நேரத்தை முன்தள்ளும். வேகம் குறைந்ததும் இரண்டு ஸ்பிரிங்குகள் அவற்றை உள்ளே இழுத்துவிடும். என் வண்டியில் ஒரு ஸ்பிரிங் நீண்டு தொங்கியது, எடைகளின் அச்சில் பழைய கிரீஸ் பிசினாக உறைந்திருந்தது. அந்த எடைகளோடு சேர்ந்து திரும்பி, பாயிண்டைத் திறந்து மூடும் கேமை அவர் விரலால் திருப்பிவிட்டுக் கையை எடுத்தார். பட்டென்று திரும்பி வர வேண்டியது திருப்பிய இடத்திலேயே நின்றது. அதாவது, ஓடும் வேகத்துக்கு உரிய முன்கூட்டிய பொறி, நான் காலால் உதைக்கும் மெதுவான வேகத்திலும் விழுந்திருக்கிறது. பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு வெகு முன்பே பெட்ரோல் எரிந்து, பிஸ்டனை வந்த வழியே தள்ளி, கிக்கரை என் காலின் மேல் எறிந்திருக்கிறது. கணுக்கால் வீங்கியதற்கு இவ்வளவு தெளிவான ஒரு காரணம் இருக்கும் என்று நான் எண்ணவில்லை.

பாயிண்ட் முனைகளில் ஒன்றில் பள்ளமும் மற்றொன்றில் மேடும் விழுந்திருந்தன. இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் 0.20 தகடே அதற்குள் இறுக்கமாகத்தான் போயிற்று. கேமில் உரசும் குதிகால் தேயத் தேய இடைவெளி குறைந்துகொண்டே வருவது இயல்பு, அதனால் சில மாதங்களுக்கு ஒரு முறையேனும் இதைப் பார்க்க வேண்டும் என்றார். புதிய பாயிண்ட், வேறு ஸ்பிரிங்குகள் போட்டு, குதிகாலுக்கு ஒரு பொட்டுக் கிரீஸ் வைத்தார். பிறகு டைமிங், அதாவது பொறி விழும் நேரம், வைத்த முறையை விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். கோடுகள் கீறிய ஒரு சைக்கிள் ஸ்போக்கைப் பிளக் துளை வழியாகப் பிஸ்டன் மேல் நிறுத்தி, உச்சியைக் கண்டு, அங்கிருந்து 0.8 மில்லிமீட்டர் பின்னால் இறக்கினார். எடைகள் உள்ளே மடங்கிய நிலையில், பாயிண்ட் அந்த இடத்தில் சரியாகத் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்கும் கணத்தைக் கண்டுபிடிக்க அவர் தனிக் கருவி எதையும் எடுக்கவில்லை. ஹெட்லைட் மேல் இருக்கும், மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டரையே பார்த்தார். சாவி போட்டிருக்கும்போது பாயிண்ட் மூடியிருந்தால் முள் கழித்தல் பக்கம் சாயும். திறந்தால் நடுவுக்கு வந்துவிடும். ஒரு கையால் தட்டை மயிரளவு நகர்த்திக்கொண்டு, கண்ணை முள்ளில் வைத்து, அது துள்ளிய இடத்தில் ஸ்குரூவை இறுக்கினார். இறுக்கிய பிறகு மறுபடி சோதித்தார், இறுக்கும்போது தட்டு நகர்ந்திருந்தது, தளர்த்தி மீண்டும் வைத்தார். இப்படி மூன்று முறை.

கார்புரேட்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எதிர்பார்த்தபடியே, மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் நுண்துளையான ஸ்லோ ஜெட் அடைத்திருந்தது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் தன்மை உடையது. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நின்ற வண்டியின் ஃப்ளோட் கிண்ணத்தில் வெண்மையான படிவு உப்பைப்போல் ஒட்டியிருந்தது. ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்தக் கூடாது என்பதில் மேஸ்திரி கண்டிப்பாக இருக்கிறார். கம்பி பித்தளைத் துளையைப் பெரிதாக்கிவிடும், பிறகு அந்த ஜெட் எந்த அளவுக்கும் சேராது என்று சொல்லி, கிளீனரில் ஊறவைத்து, நைலான் தூரிகையின் ஒற்றை இழையை விட்டு எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். ஊசி முனை அளவு வட்டமாக வானம் தெரிந்தது. பெட்ரோல் குழாயையும் மாற்றினார். பழையது வளைத்தால் வெடிக்கும் அளவுக்கு விறைத்திருந்தது. நீண்ட நாள் நிறுத்தும்போது டேங்கின் பெட்ரோல் குழாய்த் திருகை மூடி, கார்புரேட்டரில் உள்ளது தீரும்வரை ஓடவிட்டு அணைக்கச் சொன்னார். இதை நான் இப்போது தவறாமல் செய்கிறேன்.

நண்பகலுக்குப் பிறகு அவர் முதன்முறையாக உதைத்தார். இரண்டாவது உதையில் வண்டி எழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது மாமனார் நினைவு வந்ததை இங்கே மறைக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் அவர் வருவதை அந்தச் சத்தத்தை வைத்துத்தான் சொல்வோம்.

அன்றே எடுத்துக்கொண்டு போகலாம் என்று எண்ணினேன், அவர் விடவில்லை. உதவிக்கு இருக்கும் பையனை அனுப்பி எண்ணூர் விரைவுச் சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவரச் செய்து, அணைத்து, பத்து நிமிடம் கழித்து உதைத்தார். எழவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பொறி மஞ்சளாக, நூலிழையாக இருந்தது. பாயிண்ட் முனையிலோ உதைக்கும்போதெல்லாம் பளிச்சென்று தீப்பொறி. கண்டன்சர் சூட்டில் கைவிடுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். பாயிண்ட் திறக்கும்போது மின்னோட்டம் சட்டென்று அறுந்தால்தான் காயிலில் உயர் மின்னழுத்தம் பிறக்கும். அப்படி அறுப்பதற்குத் துணை நிற்பது கண்டன்சர். அது பழுதானால் வலு முழுவதும் பாயிண்ட் முனையிலேயே எரிந்து, முனையும் கெட்டு, பிளக்குக்கு ஒன்றும் மிஞ்சாது. பாயிண்ட் முனையில் விழுந்திருந்த பள்ளத்துக்கும் மேட்டுக்கும் இதுவே காரணம். என் வண்டியில் கண்டன்சர் பாயிண்ட் பெட்டிக்குள்ளேயே எஞ்சின் சூட்டில் வெந்துகொண்டிருந்தது. புதியதை அவர் அங்கே போடாமல், பெட்ரோல் டேங்கின் அடியில் காயில் பக்கத்தில், காற்று படும் இடத்தில் பொருத்திக் கம்பி இழுத்துக் கொடுத்தார். அன்று முதல் இன்று வரை சூட்டில் ஒரு முறைகூட வண்டி மறுத்ததில்லை. ஒருவேளை நான் அன்று வண்டியை எடுத்துச் சென்றிருந்தால், இரண்டாவது முறையாகவும் அரைகுறை வேலைக்குக் காசு கொடுத்தவனாக ஆகியிருப்பேன்.

வண்டியை ஒப்படைக்கும் முன் அவர் எனக்கு உதைக்கக் கற்றுக்கொடுத்தார். இத்தனை ஆண்டுகள் ஓட்டிய எனக்கு அது தேவையில்லை என்று முதலில் நினைத்தேன், தேவைப்பட்டது. நான் செய்துவந்தது, ஆக்சிலேட்டரைத் திருகிக்கொண்டு, கிக்கர் எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்தே பலமாக உதைப்பது. அவர் சொன்னது இது: குளிர்ந்த வண்டியென்றால் சோக்கைப் போட வேண்டும், ஆக்சிலேட்டரைத் தொடக் கூடாது. இந்தக் கார்புரேட்டரில் திருகினால் கூடுதல் பெட்ரோல் பீய்ச்சும் பம்ப் எதுவும் இல்லை. திருகுவதால் உறிஞ்சும் வேகம் குறைந்து ஸ்லோ ஜெட்டிலிருந்து வருவதும் குறையும். சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே அம்மீட்டர் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் நடுவுக்கு வந்து, காலில் கடினம் தட்டுப்படும் இடத்தில் நிறுத்தி, டீகம்ப்ரசரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் ஓர் அங்குலம் இறக்க வேண்டும். இப்போது பிஸ்டன் உச்சியைச் சற்றே தாண்டியிருக்கும். டீகம்ப்ரசரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, உடல் எடையோடு அடிவரை நீளமாக உதைக்க வேண்டும். அப்போது எஞ்சினின் கனமான சக்கரமான ஃப்ளைவீல் அடுத்த கம்ப்ரஷனுக்குள் ஏறும் முன் ஒரு நல்ல சுற்று வேகம் பிடித்துவிடுகிறது. "ஒதைக்கிறது பலத்துல இல்ல சார், அந்த முள்ளுல இருக்கு. முள்ளப் பாத்துட்டு ஒதைங்க" என்றார். என் மகள் ஐம்பத்திரண்டு கிலோதான் இருப்பாள். இந்த முறையில் அவளும் இப்போது வண்டியை எடுக்கிறாள். சூட்டில் சோக்கைப் போட்டுப் பெட்ரோல் மிகுந்துவிட்டால், சாவியை அணைத்து, ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்து, டீகம்ப்ரசரைப் பிடித்தபடி ஏழெட்டு முறை கிக்கரை இறக்கிக் காற்றை ஓட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கச் சொன்னார்.

மொத்தம் 4,150 ரூபாய் ஆயிற்று. அதில் கூலி 2,200. மீதி பாயிண்ட், கண்டன்சர், ஸ்பிரிங்குகள், பிளக், பெட்ரோல் குழாய், டீகம்ப்ரசர் கேபிள், ஆயில் ஆகியவற்றுக்கு. கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் ஒரு பழைய பால் கவரில் போட்டுக் கையில் கொடுத்தார். நல்ல நிலையில் இருந்த பிளக்கைத் தேவையில்லாமல் மாற்றியதாக நான் நினைத்ததைக் கேட்டதும், பழைய பிளக்கின் பீங்கானில் ஓடிய மெல்லிய விரிசலை நகத்தால் தடவிக் காட்டினார்.

குறைகளையும் சொல்ல வேண்டும், அவை சிறியவை அல்ல. மூன்று நாளில் தருவதாகச் சொன்னது பதினொரு நாளாயிற்று. முதல் நாளிலேயே பெரும்பாலான வேலை முடிந்துவிட்டது; ஆனால் சரியான முன்தள்ளும் ஸ்பிரிங்குகள் கிடைக்கப் புதுப்பேட்டைக்கு இரண்டு முறை போக வேண்டியிருந்தது, அதுவரை வேறொரு வண்டியின் ஸ்பிரிங்குகளைத் தற்காலிகமாகப் போட்டுத்தான் சோதித்திருக்கிறார். இதை அவர் தானாக எனக்குத் தெரிவிக்கவில்லை. தொலைபேசியை அவர் எடுப்பதில்லை. நேரில் போனால்தான் எந்தச் செய்தியும் கிடைக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய சிரமம். ரசீது என்று எதுவும் தருவதில்லை, நோட்டுத் தாளில் எழுதித் தந்த கணக்குதான். கொட்டகை சிறியது என்பதால் இரவில் ஒன்றிரண்டு வண்டிகள் தெருவில் தார்ப்பாய் போர்த்தி நிற்கின்றன. மழை நாட்களில் வண்டியை விடுகிறவர்கள் உள்ளே ஏற்ற இடம் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. அவர் போட்ட டீகம்ப்ரசர் கேபிளின் முனைக் குமிழ் இரண்டாவது மாதத்தில் ஈயம் விட்டுக் கழன்றது. திரும்பக் கொண்டுபோனபோது காசு வாங்காமல் மாற்றினார், ஆனாலும் முதலிலேயே தரமான கேபிள் போட்டிருக்கலாம். ஹெட்லைட் வயரிங் பழுதாக இருப்பதைக் காட்டியும் அதைத் தொட மறுத்துவிட்டார். அதற்கு வேறு எலக்ட்ரீஷியனைத் தேட வேண்டியதாயிற்று.

இவை எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தாலும், என் வண்டியை இனி வேறு இடத்துக்குக் கொண்டுபோக மாட்டேன். பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் வைத்திருப்பவர்கள், குறிப்பாகப் பாயிண்ட் உள்ள வண்டிக்காரர்கள், போர் அடிக்கச் சொல்லும் எந்த யோசனைக்கும் சம்மதிக்கும் முன் இங்கே ஒரு காலைப்பொழுதைச் செலவிடுவது தகும். ஜாவா, எஸ்டி, ராஜ்தூத் வண்டிகளையும் அவர் பார்ப்பதாகத் தெரிகிறது. நான் இருந்த நாட்களில் அங்கே ஒரு ராஜ்தூத் நின்றது. செல்ஃப் ஸ்டார்ட் உள்ள புதிய வண்டிகளை அவர் எடுப்பதில்லை, அதை வாசலிலேயே சொல்லிவிடுகிறார்.

போகிறவர்கள் முந்தின நாள் மாலையே வண்டியை விட்டுவிட வேண்டும். காலை எட்டு மணிக்கு மேல்தான் திறக்கிறார், ஞாயிறு விடுமுறை, மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை சாப்பாட்டுக்குப் போய்விடுவார். வண்டியை எந்த நிலையில் எத்தனை உதைக்கு எடுத்தீர்கள், சூட்டில் எப்படி, குளிரில் எப்படி, கடைசியாக யார் எதைக் கழற்றினார்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் அவர் அதை வாங்கி நிதானமாகப் படிக்கிறார். நான் எழுதிக்கொண்டுபோன ஒரு வாரத்து உதைக் கணக்கு இன்னும் அவருடைய அறைச் சுவரில் ஆணியில் மாட்டியிருக்கிறது. போன மாதம் பாயிண்ட் இடைவெளி பார்க்கப் போனபோது, அதே தாளின் அடியில் அன்றைய தேதியிட்டு "2" என்று எழுதிக்கொண்டார்.